ராயபுரம் ரயில் நிலையம்: சீரமைப்புக்கு அரசுப் பணம் கேட்கும் மனுவை எப்படி எழுதுவது?

வாலாஜா லைன்:
ராயபுரம் நிலையக் கட்டடத்துக்காக ஒரு மனு தயாராகிறது. அனுப்புவதற்கு முன் இங்கே பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட மனுக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. மூன்று பக்கம் வரலாறு, கடைசி வரியில் "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்". வரலாற்றை யாரும் மறுக்கவில்லை. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார், ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை பயணிகள் வண்டி ஓடியது. மும்பை போரிபந்தரிலும் கொல்கத்தா அருகே ஹவுராவிலும் முதன்முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை என்பதால், நாட்டில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் இதுதான். 1922இல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகம் சென்ட்ரல் அருகே போகும்வரை இங்கேதான் இருந்தது. 2005இல் ஒருமுறை புதுப்பித்தார்கள்.

கேள்விகள் நான்கு. யாரிடம் கேட்பது? எந்தக் கணக்கில் கேட்பது? எவ்வளவு கேட்பது? சீரமைத்த பிறகு அந்த அறைகளில் என்ன நடக்க வேண்டும்? முழுக் கட்டடத்துக்கும் ஒரே தொகையாகக் கேட்பதுதான் இப்போதைய வரைவு.

கோப்புக்காரர்:
ஒரே தொகையாகக் கேட்காதீர்கள். பெரிய தொகைக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் மேலே இருக்கிறது, சிறிய தொகைக்கு ரயில்வே கோட்ட அளவிலேயே முடியும். மேலே போகிற கோப்பு ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேள்வி வாங்கிக்கொண்டு திரும்பும்.

முதலில் உரிமையாளரைத் தெளிவாக எழுதுங்கள். நிலமும் கட்டடமும் தெற்கு ரயில்வேயுடையவை, சென்னைக் கோட்டத்தின் பொறுப்பு. இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் அல்ல. ஆகவே தொல்லியல் துறைக்கு அனுப்பும் மனு "எங்கள் பட்டியலில் இல்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும். மாநில அரசும் ரயில்வே நிலத்தின் மேல் நேரடியாகச் செலவு செய்ய முடியாது, ரயில்வேயின் எழுத்துபூர்வ இசைவு வேண்டும். அந்த இசைவு கையில் இல்லாமல் யாரிடம் போனாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். எனவே முதல் மனு பணத்துக்கு வேண்டாம். கோட்ட ரயில்வே மேலாளரிடம் "இன்னின்ன பணிகளுக்கு வெளி நிதி கிடைத்தால் கோட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை" என்ற கடிதத்துக்கு எழுதுங்கள். பணம் கேட்கும் மனு அதற்கு அடுத்தது.

நிதி எங்கிருந்து வரலாம் என்று பார்த்தால்:

ரயில்வேயின் சொந்த நிதி. ஆண்டுதோறும் வரும் பணித் திட்டப் புத்தகத்தில் பயணிகள் வசதிக்குத் தனித் தலைப்பு உண்டு, எண் 53. நடைமேடைக் கூரை, கழிப்பறை, காத்திருப்பு அறை எல்லாம் அதில் அடங்கும். காத்திருப்பு அறையின் கூரை ஒழுகுகிறது என்றால் அது பயணிகள் வசதி. "பாரம்பரியச் சீரமைப்பு" என்று எழுதினால் அது எந்தத் தலைப்பிலும் உட்காராது. ஒரே வேலைதான், சொல்லும் விதத்தில் இருக்கிறது.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி. ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி. உறுப்பினர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் தரும். இது நிலையான பொதுச் சொத்தை உருவாக்கும் நிதி. பராமரிப்பு, பழுதுபார்ப்பு என்ற சொல் மதிப்பீட்டில் இருந்தால் கோப்பு தடைபடலாம். 2023 ஏப்ரல் முதல் புதிய வழிகாட்டு நெறிகள் நடப்பில் இருப்பதால் பழைய பிரதியை வைத்து எழுதாதீர்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி 3 கோடி. ஆனால் மத்திய அரசு நிலம் என்பதால் அதை வளாகத்துக்கு வெளியே உள்ள வேலைகளுக்குக் கேட்பதுதான் நடைமுறை.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 நிறுவனச் சட்டம் 135ஆம் பிரிவு. ஏழாம் அட்டவணையில் வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடங்களைச் சீரமைப்பது வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மரபுக் கட்டடம் என்ற பெயரிலேயே கேட்கக்கூடிய வழி இது.

நான்காம் முனையம்:
மன்னிக்கவும், இழையின் அடிப்படையையே கேட்கிறேன். ராயபுரத்துக்கு வேண்டியது வண்டிகள். சென்ட்ரலும் எழும்பூரும் பிதுங்குகின்றன. இங்கே இடம் இருக்கிறது. சென்ட்ரல், எழும்பூர், தாம்பரம் தவிர நான்காவது முனையம் இங்கே வந்தால் கட்டடத்தைக் காப்பதற்குத் தனியாகக் கையேந்த வேண்டியதில்லை. வெளியூர் வண்டி புறப்படாத நிலையத்துக்குச் சாந்து பூசி என்ன பயன்?

வாலாஜா லைன்:
முனையக் கோரிக்கைக்கு இங்கே யாரும் எதிரி இல்லை நண்பரே. ஆனால் அது பெரம்பூரா ராயபுரமா என்று ஆண்டுக்கணக்கில் இழுபட்ட விஷயம். முனையம் வரும்வரை மழை காத்திருக்காது. முனையம் வந்தால் பழைய கட்டடம் இடைஞ்சல் என்று யாராவது சொல்லும் அபாயமும் உண்டு. கூரை ஒழுகாமல், அறைகள் பயன்பாட்டில் இருக்கும் கட்டடத்தை இடிக்கச் சொல்வது கடினம். பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கு "பயன்பாட்டுக்கு உகந்ததல்ல" என்று ஒரு தாளில் எழுதினாலே கதை முடிந்துவிடும்.

நான்காம் முனையம்:
அந்தக் கடைசி வரி சரி. அப்படியானால் மனுவிலேயே எழுதுங்கள்: எதிர்கால முனையத் திட்டத்துக்கு இந்தப் பணிகள் எதுவும் குறுக்கே நிற்காது, இந்தக் கட்டடமே முனையத்தின் முகப்பாக இருக்கும் என்று. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடலாம்.

சுண்ணாம்புச் சாந்து:
பணம் கிடைப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். கிடைத்த பணம் கட்டடத்தைக் கெடுக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனுவில் எழுதும் கால அட்டவணையில்தான் அது தொடங்குகிறது.

அரசுப் பணத்துக்கு மார்ச் 31 என்று ஓர் எல்லை இருக்கிறது. அக்டோபரில் ஒப்புதல், டிசம்பரில் டெண்டர், ஜனவரியில் ஒப்பந்தம், மார்ச்சுக்குள் பில். கையில் இருப்பது இரண்டே மாதம். சுண்ணாம்பு இந்தக் காலண்டருக்கு அடங்காது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, சலித்து, தண்ணீருக்கு அடியிலேயே குறைந்தது மூன்று வாரம் ஊறவிட வேண்டும். அவசரத்தில் நீறாத கட்டி ஒன்று சாந்தில் போனால் பிறகு சுவருக்குள் நீறி உப்பி, பூச்சை அம்மை போட்டதுபோல் தெறிக்க வைக்கும். பூசிய பிறகு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் அது இறுகும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அடுத்த பூச்சுக்கு இடைவெளி விட வேண்டும், ஈரச் சாக்கு கட்டி இரண்டு வாரம் காக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நேரம் இல்லாதபோது ஒப்பந்ததாரர் என்ன செய்வார்? சாந்தில் சிமெண்டைக் கலப்பார். மறுநாளே இறுகிவிடும், பில் போகும். இரண்டு மழைக்காலம் கழித்துப் பாருங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்ட் பூச்சைத் தாண்டி வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்கும். ராயபுரம் துறைமுகத்தை ஒட்டிய இடம், காற்றிலேயே உப்பு. அந்த உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பொடியாக உதிர்க்கும். பூச்சு மட்டும் பலகைபோல் நிற்கும், தட்டினால் வெற்று ஒலி. இதை ஒப்பந்ததாரர் குற்றம் என்று மட்டும் எழுதிவிட முடியாது. இரண்டு மாதத்தில் சுண்ணாம்பு வேலை கேட்ட அட்டவணையின் குற்றம் அது.

ஆகவே மனுவில் பணியை இரண்டு நிதியாண்டுக்குப் பிரித்துக் கேளுங்கள். முதல் ஆண்டில் அளவெடுப்பு, மரச் சோதனை, பொருள் கொள்முதல், சுண்ணாம்புத் தொட்டி, மாதிரிப் பூச்சு. இவை மார்ச்சுக்குள் முடிந்து பில் ஆகக்கூடியவை. இரண்டாம் ஆண்டில் கூரையும் பூச்சும். வடகிழக்குப் பருவமழையில் பூசவே கூடாது. ஏப்ரல், மே வெயிலிலும் வேண்டாம், பூச்சு காய்ந்து வெடிக்கும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை தார்ப்பாய் மறைப்போடு, மிச்சம் ஜனவரியிலிருந்து மார்ச்.

கல்மண்டபம்:
அண்ணே, கூரைக்கு எவ்வளவு ஆகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? மனுவில் ஒரு தொகை எழுதியாக வேண்டுமே.

சுண்ணாம்புச் சாந்து:
தொகைக்கு முன்னால் அளவு தம்பி. முதலில் அறைக்கு அறை போய்க் குறித்துக்கொள்ளுங்கள், எது மெட்ராஸ் தளம், எது ஓட்டுக் கூரை, எங்கே பிற்காலத்தில் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள் என்று. ஒரே கட்டடம் என்று ஒரே விகிதம் போட்டால் தவறும்.

மெட்ராஸ் தளம் இருக்கும் ஓர் அறை 8 மீட்டருக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், 48 சதுர மீட்டர். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லை விளிம்பில் நிறுத்தி மூலைவாட்டாக அடுக்குவது அந்த முறை. அந்தத் தளச் செங்கல் சாதாரணச் செங்கல் இல்லை, மெல்லியது, ஏறக்குறைய 150 × 75 × 25 மில்லிமீட்டர். சந்துக்கு 10 மில்லிமீட்டர் விட்டால் சதுர மீட்டருக்கு 180 செங்கல்லுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 48 சதுர மீட்டருக்கு 8,600. உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 9,500. அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கான்கிரீட் 10 சென்டிமீட்டர், அதாவது 4.8 கன மீட்டர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவது அதுதான். கட்டை பட்டால் துள்ள வேண்டும், பதியக்கூடாது. கடைசியாகத் தட்டை ஓடு பதிப்பது.

இந்தச் செங்கல் கடையில் கிடைக்காது. சூளையில் சொல்லிச் சுட வேண்டும், மழைக்காலத்தில் சூளை ஓடாது. பழைய தளத்தைப் பிரிக்கும்போது முழுசாக வரும் செங்கல்லை எண்ணித் திரும்பப் பயன்படுத்துவது என்று டெண்டரில் ஒரு வரி வேண்டும். இல்லாவிட்டால் அது இடிபாட்டோடு லாரியில் போய்விடும்.

செலவு தடுமாறும் இடம் தேக்குச் சட்டத்தின் முனை. நடுவில் பார்த்தால் இரும்பு மாதிரி இருக்கும், சுவருக்குள் புதைந்த ஓரடி மட்டும் மக்கியிருக்கும். கண்ணால் தெரியாது. முனையில் சன்னமான துளையிட்டுப் பார்க்கும் சோதனையை முதல் ஆண்டுப் பணியில் சேருங்கள். எத்தனை முனை மாற்ற வேண்டும் என்று தெரியாமல் போடும் மதிப்பீடு வேலை நடுவில் நிற்கும்.

கோப்புக்காரர்:
அந்த அளவுகளோடு இவற்றையும் சேர்த்தால்தான் மதிப்பீடு முழுமையாகும். ஒப்பந்தப் பணிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், இதை மறந்த மனு பின்னால் ஒரு சன்னலையோ படிக்கட்டையோ வெட்ட வேண்டி வரும். எதிர்பாராச் செலவுக்கு வழக்கமான 3 சதவீதம் பழைய கட்டடத்துக்குப் போதாது, 10 முதல் 15 வரை எழுதிக் காரணமும் சொல்லுங்கள். வெளி நிதியில் ரயில்வே தானே செய்யும் வேலைக்கு டெபாசிட் வேலை என்று பெயர். அதற்கான துறைக் கட்டணம் மதிப்பீட்டின் மேல் ஏறும், விகிதத்தைக் கோட்டத்தில் கேட்டு எழுதுங்கள். விலைக்கு ஆதாரம் வேண்டும் என்றால், மத்திய பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் மரபுக் கட்டடப் பணிகள் இருக்கின்றன. அதில் இல்லாத பணி இனத்துக்கு மூன்று பேரிடம் விலைப்புள்ளி.

கோட்ட வேலை:
நடைமேடைப் பக்கத்தை யாரும் தொடவில்லை. அங்கே 25 கிலோவோல்ட் மின்கம்பி ஓடுகிறது. உயிர்க்கம்பியிலிருந்து 2 மீட்டருக்குள் ஆளோ கருவியோ போகக்கூடாது. இரும்புச் சாரம் கட்டினால் தரையிணைப்பு கொடுக்க வேண்டும். நடைமேடை விளிம்புக்கு அருகே எந்த வேலைக்கும் மின்தடை அனுமதி வாங்க வேண்டும், அது இரவில் சில மணி நேரம்தான் கிடைக்கும். இரவில் பூசிய சாந்தைப் பகலில் சமன் செய்ய முடியாது. ஆகவே தண்டவாளப் பக்க முகப்பைத் தனிப் பொட்டலமாக, அதாவது தனிப் பணித் தொகுப்பாகப் பிரியுங்கள். சாலைப் பக்கத்தையும் உள்ளறைகளையும் முதலில் கேளுங்கள், போக்குவரத்துப் பிரிவின் கையெழுத்துக்காக முழுக் கோப்பும் நிற்காது.

டெண்டரைப் பற்றி ஒன்று. குறைந்த விலைக்காரருக்கே வேலை என்பது மாறாது. மாற்றக்கூடியது தகுதி நிபந்தனை. "இதையொத்த பணி" என்பதற்கு "கட்டடப் பணி" என்று எழுதினால் குடியிருப்புக்கு வெள்ளையடித்தவரும் உள்ளே வருவார். "சுண்ணாம்புச் சாந்தில் செய்த மரபுக் கட்டடச் சீரமைப்பு" என்று எழுத வேண்டும். ஆனால் மிகவும் இறுக்கினால் ஒருவர்தான் வருவார், ஒற்றை டெண்டர் என்று மறுபடியும் டெண்டர் விடச் சொல்லலாம். தொழில்நுட்ப உறை, விலை உறை என்று இரண்டு உறை முறை, வேலைக்கு முன் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மாதிரிப் பூச்சு, அதற்கு ஒப்புதல் வந்த பிறகே தொடர்வது. இவை மூன்றும் இருந்தால் ஓரளவுக்குத் தப்பிக்கலாம்.

கல்மண்டபம்:
உள்ளே என்ன வைப்பது என்பதற்கு வருகிறேன். அருங்காட்சியகம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

வாலாஜா லைன்:
அருங்காட்சியகம் வேண்டாம் என்பது என் கருத்து. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் ரயில் அருங்காட்சியகம் 2002 முதல் இருக்கிறது. சில கிலோமீட்டர் தூரத்தில் இரண்டாவது எதற்கு என்று நிதிப் பிரிவு கேட்டால் பதில் இல்லை. அருங்காட்சியகத்துக்குக் காவலர், மின்சாரம், காப்பாளர் என்று மாதச் செலவு வேறு, அதற்கு யாரும் நிதி தர மாட்டார்கள். இங்கே நிலையம் இன்னும் இயங்குகிறது. டிக்கெட் கொடுக்கும் அறையும் நிலைய அதிகாரி அறையும் அப்படியே இருக்கட்டும். பயன்படாத அறைகளை மட்டும் கேட்போம்.

கல்மண்டபம்:
அப்படியானால் படிப்பகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்து வீடுகளில் உட்கார இடம் கிடையாது. மேசை, நாற்காலி, விளக்கு, மின்விசிறி, குடிநீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. காலை முதல் இரவு வரை ஆள் இருக்கும் கட்டடத்தில் சன்னல் உடைந்தால் அன்றே தெரியும், அரசமரக் கன்று சுவரில் முளைத்தால் விரலளவில் இருக்கும்போதே பிடுங்கலாம்.

கோப்புக்காரர்:
இது பலமான வாதம். தொகுதி நிதிக்கும் "படிப்பகம் உருவாக்குதல்" பொருந்தும், பழுதுபார்ப்பு என்ற முட்டுக்கட்டை வராது. ஒன்றைச் சேருங்கள்: யார் நடத்துவது, மின்கட்டணம் யார் தலையில், சாவி யாரிடம். மாநகராட்சியோ பொது நூலகத் துறையோ ஐந்தாண்டுக்கு ஏற்கிறோம் என்று ஒரு கடிதம் தந்தால் மனுவின் எடை இரட்டிப்பாகும். பின்பராமரிப்புக்கு வழி சொல்லாத கோரிக்கையைத் தள்ளிவைப்பது எந்த அதிகாரிக்கும் எளிது.

மாநில அரசிடம் வேறொன்று கேட்கலாம். வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் வளாகத்துக்கு வெளியே நடைபாதை, விளக்கு, மழைநீர் வடிகால். வடிகால் சாதாரண விஷயம் இல்லை. சாலை மட்டம் உயர உயரத் தண்ணீர் கட்டடத்தின் காலடியில் நிற்கிறது, சுவரில் ஈரம் ஏறுவது அதனால்தான். ரயில்வே எல்லைக்கோடு வரை மாநிலப் பணம், அதற்கு உள்ளே மற்றவை.

நான்காம் முனையம்:
வெளிநாடுகளில் இதற்கென்றே நிதியம் இருக்கிறதே. பிரிட்டனில் 1985 முதல் ரயில்வே மரபு அறக்கட்டளை நிலையக் கட்டடங்களுக்கு மானியம் தருகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1988இல் மூடிய மிச்சிகன் சென்ட்ரல் நிலையத்தை ஃபோர்டு 2018இல் வாங்கிச் சீரமைத்து 2024இல் திறந்தது. மனுவில் எழுதலாமா?

வாலாஜா லைன்:
டெட்ராய்ட் வேண்டாம். அங்கே வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடத்தின் தகுதியான செலவில் 20 சதவீதம் கூட்டாட்சி வரியில் கழியும். வரி கட்டாத ரயில்வேக்கு அந்த முறை ஒட்டாது. பிரிட்டன் உதாரணம் ஒட்டும், ஏனென்றால் அங்கே கட்டடம் ரயில்வேயிடமே இருக்கிறது, மானியம் வெளியிலிருந்து வருகிறது. ஆனால் அது ரயில்வே வாரியத்துக்குத் தனியாக எழுத வேண்டிய கோரிக்கை. கோட்டத்துக்குப் போகும் மனுவில் கொள்கை பேசினால், "மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது" என்று கோட்டம் கை கழுவிவிடும்.

கோப்புக்காரர்:
நிறுவன நிதிக்கு மூன்று குறிப்பு. கேட்கும் அமைப்புக்கு வருமான வரிப் பதிவுகளும் சமூகப் பொறுப்பு நிதிக்கான சி.எஸ்.ஆர்.-1 படிவத்தின் பதிவு எண்ணும் வேண்டும். எண் இல்லையென்றால் பேச்சே கிடையாது. நிறுவனத்தின் ஆண்டுத் திட்டம் இயக்குநர் குழுவில் முடிவாவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும், பிப்ரவரி சரியான மாதம். மேலும் இந்த நிதியில் தொடர் திட்டமாக எடுத்தால், தொடங்கும் ஆண்டு போக மூன்று ஆண்டு வரை செலவு செய்யலாம். சாந்து அண்ணன் சொன்ன மார்ச் நெருக்கடிக்கு இதுதான் மருந்து. பூச்சையும் கூரையையும் இந்த நிதிக்கு வைத்துவிட்டு, கழிப்பறை, மின்சாரம், மேசை நாற்காலியைத் தொகுதி நிதிக்குத் தள்ளுங்கள். அவை இரண்டு மாதத்தில் முடியும் வேலைகள்.

வாலாஜா லைன்:
நன்றி. வரைவை மாற்றிவிட்டேன். ஒரே தொகை போயிற்று. இப்போது ஐந்து பொட்டலம்: அளவெடுப்பும் மரச் சோதனையும், உள்ளறைக் கூரை, சாலைப் பக்கப் பூச்சு, படிப்பகம், தண்டவாளப் பக்கம். வரலாறு அரைப் பக்கம். ஆட்சேபமின்மைக் கடிதம் முதலில்.

மனுவுக்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போகிறது. 10 ரூபாய், 30 நாள். "ஏன்" என்று எதையும் கேட்கவில்லை, ஆவணம் மட்டும் கேட்டிருக்கிறோம்: கட்டடத்தின் தரைப்பட நகல், நில எல்லை வரைபடம், 2005 பணியின் மதிப்பீடும், செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் நகலும், கடைசியாக நடந்த கட்டமைப்பு ஆய்வின் அறிக்கை, எந்த அறையாவது கைவிடப்பட்டதாகப் பதிவாகியிருந்தால் அந்தப் பக்கம்.

சுண்ணாம்புச் சாந்து:
2005 அளவுப் புத்தகத்தில் பூச்சு இனத்தின் விவரணையைக் குறிப்பாகக் கேளுங்கள். அதில் சிமெண்ட் இருந்தால் எந்தச் சுவர், எத்தனை சதுர மீட்டர் என்று இருக்கும். அதை உரிக்கும் வேலை மூன்றாம் பொட்டலத்தில் தனி இனமாக வர வேண்டும், கையுளியால், இயந்திரச் சுத்தியல் கூடாது. உரித்த சுவரைக் குறைந்தது ஒரு கோடை முழுக்கத் திறந்து காயவிட வேண்டும். அந்த மாதங்களையும் அட்டவணையில் எழுதிவிடுங்கள்.